எடை மிஷினுக்குள் இருந்தவன்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு எழுதிக்கொள்வது.

போன மாதம் ராஜபாளையத்தில் டீக்கடை வாசலில் நீங்கள் நாலு பேர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். சீமையில் மின்சார மூளை என்று ஒரு மிஷின் செய்திருக்கிறார்களாம். பத்துக் கணக்குப்பிள்ளைகள் ஒரு மாதம் உட்கார்ந்து போடும் கணக்கை ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுகிறதாம். போகப் போக மனுஷனும் மிஷினும் ஒன்றாகவே ஆகிவிடுவார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். "அண்ணாச்சி, நீங்க இருவது வருசம் மிஷினோட கெடந்தவுக. நெசமாவே நடக்குமா?" என்று கேட்டீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ் வரவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு வராது.

அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நடக்குமா என்று கேட்டீர்கள். நடந்துவிட்டது. சுதந்திரம் வந்து மூன்று நாலு வருஷம் கழித்து, சங்கரன்கோவிலில், கோயிலுக்குப் போகிற வழியில் சோடா, கலர் விற்கிற ஒரு கடை வாசலில் நடந்தது. ஒன்றாக ஆன மனுஷன் நான்தான். மின்சாரம் எதுவும் தேவைப்படவில்லை.

எண்ணெய் எங்கே விடுவது, ஸ்பிரிங் எப்போது மாற்றுவது என்பதெல்லாம் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

நம் எடை மிஷினை உங்களுக்குத் தெரியும். ஏறி நின்று ஓரணாவைப் போட்டால், மேலே வட்டத் தகட்டில் முள் ஓடி நிற்கும். கீழே ஒரு அட்டை விழும். அட்டையின் ஓரத்தில் எடை ராத்தலில், அதாவது பவுண்டில், பதிந்திருக்கும். நடுவில் பெரிய எழுத்தில் ஒரு பலன் அச்சடித்திருக்கும். எடை, ஏறி நிற்பவரைப் பொறுத்தது. பலன், அட்டைக்கட்டில் அடுத்து எது இருக்கிறதோ அது. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். நான் இரண்டு வருஷம் மறந்திருந்தேன்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாதபோது, சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூவைப் பொறுத்துக் கிணறு வெட்டுவார்கள், பெண் கொடுப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். மிஷினை அந்த வழியில் கொண்டுபோய் நிறுத்தியபோது கம்பெனிக்காரர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். இருந்தும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆறு மாதத்துக்குள் பூப்பொட்டலம் போடும் கூட்டத்தில் பாதி மிஷினுக்கு வந்துவிட்டது. பூ ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்லும். மிஷின் வாக்கியமாகச் சொல்கிறது, அதுவும் அச்சில். அச்சில் வந்தால் அது தாலுகாக் கச்சேரியிலிருந்து வந்த காகிதம் மாதிரி. யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

கலர்க்கடை முதலாளி பால்வண்ணம் அண்ணாச்சி. எழுத்துத் தெரியாதவர்களுக்கு அட்டையைப் படித்துச் சொல்வது அவர்தான். படித்துவிட்டு, "நல்ல வாக்கு வந்திருக்கு, ஒரு கலரு குடிச்சிட்டுப் போறது" என்பார். வெள்ளிக்கிழமை கூட்டம் அதிகம், அட்டை சிக்கிக்கொள்ளும் என்பதால் அன்றைக்கு முழுக்க நான் அவர் கடையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, புருஷன் செத்து ஒரு மாதம் ஆகாத ஒரு பெண்ணுக்கு, 'இல்லற இன்பம் பெருகும்' என்று விழுந்தது. பால்வண்ணம் சத்தமாகப் படித்துவிட்டார். கடையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் அட்டையை வாங்காமலே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் மிஷினின் பின்கதவைத் திறந்து அந்த மாதிரி அட்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்தேன். யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன்.

அடுத்த மாதம், வெள்ளிதோறும் வருகிறவர்கள் யார் யார், எந்த வரிசையில் வருவார்கள் என்று தெரிந்துவிட்டது. அதற்கேற்ப அட்டையை அடுக்கினேன். அப்புறம், தெருமுனையில் ஆள் வருவதைப் பார்த்ததும் பின்கதவைத் திறந்து, எண்ணெய் போடுகிறவன் மாதிரி குனிந்து, அவருக்கு வேண்டிய அட்டையை முதலில் விழும்படி கட்டின் அடியில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வேன். வம்பு வழக்குக்குப் போக இருந்தவருக்கு 'பகையை மற' என்று கொடுத்தேன். அவர் போகவில்லை. மருமகளைத் திட்டுகிற ஒரு அம்மாளுக்கு 'இன்சொல் இனிமை தரும்'. இரண்டு வாரம் திட்டாமல் இருந்ததாகப் பால்வண்ணம் சொன்னார். நான் வாய் திறந்து சொன்னால் என் வீட்டு ஆடு கூடத் திரும்பிப் பார்க்காது. மிஷின் வழியாகச் சொன்னால் தாலுகாவே கேட்டது. இந்த ருசி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. என் சம்சாரம்தான் ஒரு நாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"கொழம்புல உப்பு இருக்கான்னு கேட்டா, நிதானம் நன்மை தரும்ங்கிய. இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

மிஷின் எனக்குள் வந்ததா, நான் மிஷினுக்குள் போனேனா என்று இப்போது யோசித்தாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு வாரத்துக்கு ஓர் அட்டை என்று நடந்தது.

இனி குருசாமி, கோமதி விஷயம்.

குருசாமி மேலநீலிதநல்லூரில் ஆடு மேய்ப்பவர். அறுபது எழுபது உருப்படி உண்டு. "கெடாவ அடில கையக் குடுத்துத் தூக்கி இம்புட்டு ராத்தல்னு சொல்லிட்டார்னா, தராசும் அதத்தான் சொல்லும். சந்தையில அவரு கையத்தான் நம்புதான் எல்லாவனும்" என்று பால்வண்ணம் சொல்வார். கோமதி அவர் சம்சாரம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவளுக்கு இருமல். ஊர்க் கம்பவுண்டர், திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். குருசாமியின் அண்ணன் முன்பு அப்படிப் படம் எடுக்கப் போனவர், திரும்பி வரவில்லை. அதனால் குருசாமிக்கு முடிவு எடுக்க முடியவில்லை. மிஷினிடம் வந்தார்.

அவர் ஏறவில்லை. கோமதியை ஏற்றினார். முதல் அட்டை நான் வைத்தது இல்லை. 'உடல்நலம் சீர்படும்' என்று தானாகவே விழுந்தது. பால்வண்ணம் படித்துச் சொன்னதும் குருசாமி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் மரப்பெட்டியிலிருந்து பார்த்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

அடுத்த வெள்ளியிலிருந்து அவர்கள் வரும்போதெல்லாம் நான் குனிந்து எண்ணெய் போட்டேன். 'கவலை நீங்கும்.' 'பொறுமைக்குப் பலன் உண்டு.' 'இல்லத்தில் மகிழ்ச்சி.' குருசாமி அட்டையை வாங்கி முந்திரிப்பருப்பு மாதிரி பத்திரமாகப் புகையிலை டப்பாவுக்குள் வைத்துக்கொள்வார். ஒரு நல்ல காரியம் செய்கிறேன் என்று நான் நினைத்தேன்.

நடுவில் ஒரு வெள்ளி எனக்குக் காய்ச்சல். போகவில்லை. அடுத்த வாரம் குருசாமி நேரே கடைக்குள் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, போன வாரம் ஒங்க மிஷினு கோவமா பேசிட்டு?"

"என்ன சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

பால்வண்ணம் சொன்னார்: "தாமதம் ஆபத்து, உடனே புறப்படவும்னு வந்துச்சு வே. நீரு வரல, அதான் அது வாய்க்கு வந்தத ஒளறிருக்கு."

அது பிரயாணத்துக்கான அட்டை. நான் குருசாமியைப் பார்க்காமல், மிஷினைப் பார்த்து, "ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும்" என்று சொன்னேன். பின்கதவைத் திறந்து 'வீண் கவலை வேண்டாம்' என்ற அட்டையை வைத்தேன். குருசாமி நிம்மதியாகப் போனார்.

தம்பிகளே, முதல் வாரத்துக்குப் பிறகு மிஷின் அவர்களிடம் தானாகப் பேசியது அந்த ஒரு வாரம்தான். அதைத்தான் நான் ரிப்பேர் செய்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளியன்று, கோயிலிலிருந்து வந்து எடை பார்த்துவிட்டு, இருவரும் கடைக்குள் ஒதுங்கினார்கள். கோமதி சாக்குமூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து இருமினாள். திருநெல்வேலி பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்த பஸ் மேலநீலிதநல்லூர் வழியாகத்தான் போகும். அதில்தான் ஊருக்குப் போவார்கள்.

குருசாமி டப்பாவைத் திறந்து அட்டைகளை எல்லாம் மேஜைமேல் வரிசையாக அடுக்கினார். "பால்வண்ணம், ஒருவாட்டி மொதல்ல இருந்து படியும். கேப்போம்" என்றார். பால்வண்ணம் கலர் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார். "கை ஈரமா இருக்கு. மெக்கானிக்கு படிப்பாரு" என்றார்.

நான் எடுத்துப் படித்தேன். என் வாக்குகளை நானே சத்தமாகப் படிப்பது கூச்சமாக இருந்தது. அதனால் பெரிய எழுத்தை வேகமாகச் சொல்லிவிட்டு, கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். ஓரத்தில் எடை இருந்தது.

தொண்ணூற்று இரண்டு. தொண்ணூற்று ஒன்று. எண்பத்தொன்பது. எண்பத்தேழு. எட்டாவது அட்டையில் எண்பத்தொன்று. அன்றைக்கு விழுந்த பதினோராவது அட்டையில் எழுபத்தேழு. அதன் நடுவில் 'ஆரோக்கியம் பெருகும்' என்று இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் நான் செருகியது.

தானாக விழுந்த இரண்டு போக, ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு பேர் பேசியிருக்கிறோம். நடுவில் நான். ஓரத்தில் மிஷின். மிஷின் பதினொரு வாரமும் தனக்குத் தெரிந்ததை, தெரிந்த அளவுக்கு, ஒன்றும் கூட்டாமல் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் ஓரத்தைப் படிக்கவில்லை. அந்த எண்ணைப் பதிக்கிற அச்செழுத்தை வெள்ளிதோறும் தேய்த்துத் துடைக்கிற நானும் படிக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டீரு? மழையில நனைஞ்சிட்டா?" என்றார் குருசாமி.

கை பின்கதவுச் சாவிக்குத்தான் போனது. கட்டில் 'தாமதம் ஆபத்து' அட்டை ஒன்றைத் தேடி எடுத்து வைத்து, இன்னொரு தடவை ஏறச் சொல்லலாம் என்று தோன்றியது. என் புத்தி அந்த வழியில்தான் ஓடும்படி ஆகியிருந்தது. ஆனால் வைத்தால் என்ன ஆகும்? தாமதம் எதுக்கு, ஆடு விற்கிறதுக்கா என்று அவர் கேட்பார். ஆமாம் என்பார் பால்வண்ணம். நாற்பது வகை அட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒன்று கிடையாது. அதை யாராவது வாயால்தான் சொல்ல வேண்டும். கடையில் எட்டு பேர் ஒதுங்கி நின்றார்கள்.

வாயைவிடக் கை சுலபம் என்று, எழுந்து போய் மிஷினின் பின்கதவைத் திறந்தே வைத்தேன். அட்டைக்கட்டை உருவிக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டேன்.

"இது எல்லாம் நான் வைக்கிறது. ஒங்களுக்கு வந்ததுல ரெண்டு போக எல்லாம் நான் வச்சது. மிஷினுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

பால்வண்ணம் பாட்டிலைக் கீழே வைத்தார். "ஏன் வே, காய்ச்சல் இன்னும் விடலையா ஒமக்கு? யாவாரத்துல மண்ணப் போடுதீரே."

குருசாமி அட்டைக்கட்டை எடுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"சரி, நீருதான் வச்சீரு. நாப்பது அட்டையில இத எடுன்னு ஒம்ம கைக்குச் சொன்னது யாரு?"

நான் என் கையைப் பார்த்தேன்.

"அம்மன் பூவ எடுக்கதும் பச்சப்புள்ள கைதான்" என்றார் குருசாமி. "கை என்னத்தக் கண்டுச்சு? சொல்லுதது வேற." கடையில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிடவே செய்தார். நான் உண்மையைச் சொன்னேன். அதனால் முன்னைவிடப் பெரியவனாக ஆகிவிட்டேன். உங்கள் மின்சார மூளைக்காரர்களுக்கும் இது நேரும் என்று நினைக்கிறேன்.

அப்போது கோமதி பேசினாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முள்ளு வாராவாரம் எறங்குது. நாந்தான் மேல நிக்கேன், எனக்குத் தெரியாதா? சேலை ஒரு சுத்து கூட வருது இப்பம்."

"ஏட்டி, தெரிஞ்சா சொல்லலாம்லா?" என்றார் குருசாமி.

"நீங்க மிஷினத்தான கேட்டிய. என்னைய எங்க கேட்டிய?"

எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அவள் ஆரம்பித்துவிட்டதால் எனக்குப் பாதி வேலைதான் பாக்கி இருந்தது.

"கெடாவத் தூக்கிப் பாத்தே எடை சொல்லுவீகளாமே" என்றேன் குருசாமியிடம். "மூணு மாசத்துல ஒரு ஆடு இப்படி எளைச்சா என்ன செய்வீக?"

"பிரிச்சுக் கட்டிட்டு மாட்டு டாக்டர்ட்ட ஓட்டிட்டுப் போவேன்" என்றார் உடனே. யோசிக்கவே இல்லை. தொழில் விஷயம்.

"இவுகளத் தூக்கிப் பாத்தியளா?"

சொன்ன பிறகுதான் எட்டு பேர் முன்னால் எப்படிப்பட்ட பேச்சைப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. குருசாமி என்னைப் பார்த்தார். எழுந்தார். கோமதி முன்னால் போய் நின்று, அவள் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, சாக்குமூட்டையிலிருந்து எடுத்துத் தரையை விட்டு ஒரு சாண் உயரம் தூக்கினார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் தெருப்பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

இறக்கிவிட்டார். எத்தனை ராத்தல் என்று சொல்லவில்லை. கையை வேட்டியில் துடைத்தார்.

"இந்த பஸ்ஸு திருநெல்வேலிக்கு எத்தன மணிக்குப் போவும்?" என்று கேட்டார்.

பஸ் வந்தது. நானும் ஏறினேன். மேலநீலிதநல்லூரில் அவர்கள் இறங்கவில்லை, நான் இறங்கினேன். குருசாமி, தன் தம்பி வீட்டைக் கண்டுபிடித்து, ஆட்டைப் பட்டியில் அடைக்கச் சொல்லும்படி என்னிடம் சொல்லியிருந்தார். முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நின்று குரல் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்தேன்.

பலன் போடாமல் எடை மட்டும் உள்ள அட்டை அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன். பலன் இல்லாவிட்டால் ஒருவரும் ஏறமாட்டார்கள் என்று பதில் வந்தது. அது உண்மைதான். அதனால் அட்டைக்கட்டைக் கலைத்துப் போட்டுவிட்டு, என்னால் ஆன ஒன்றை மட்டும் செய்தேன். யார் ஏறினாலும் எடையை வாயால் சொன்னேன். போன தடவையைவிடக் குறைந்திருந்தால் அதையும் சொன்னேன். முதலில் மிஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு ஆளைப் பார்த்தே சொல்ல வந்தது. நீங்களும் அதைச் செய்யுங்கள். நாளைக்கு மின்சார மூளை நம் ஊருக்கு வந்து, உங்களில் ஒருவர் அதற்கு எண்ணெய் போடுகிற வேலைக்குப் போனாலும், அது சொன்னதில் எது அதனுடையது, எது உங்கள் கை செருகியது என்று தினம் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். மேலே ஏறி நிற்கிறவரை யாராவது கேட்டார்களா என்றும் பாருங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பத்து மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குருசாமியும் கோமதியும் வந்தார்கள். அவள் கன்னம் நிறைந்திருந்தது. இருமல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகிறதாம். அம்மனுக்குக் கும்பிட்டுவிட்டு, கடையில் ஆளுக்கு ஒரு கலர் குடித்தார்கள். மிஷின் பக்கம் திரும்பவே இல்லை.

"எடை பாக்கலையா?" என்று நானே கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் கோமதி. "வெள்ளிக்கெழமதோறும் வீட்டுலயே அவுக தூக்கிப் பாத்துருதாக."

பால்வண்ணம் சிரித்துப் புரையேறி இருமினார். குருசாமி கலர் பாட்டிலுக்குள் இருக்கும் கோலிக்குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு இருக்காக?" என்றேன் அவரிடம்.

"தொண்ணூத்தஞ்சு" என்றார், தலையைத் தூக்காமல்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காசு வேண்டாம் என்று சொல்லி, அவளை ஏறி நிற்கச் சொன்னேன். முள் ஓடி, தொண்ணூற்று நாலில் நின்றது. சத்தமாகச் சொன்னேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் போனார்கள்.

அவர்கள் போனதும் பின்கதவைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங் இறுகி, முள் ஒரு ராத்தல் குறைத்துக் காட்டியிருந்தது. சரிசெய்தேன்.